மரச்சீனிமேல் விழுந்த பழி

களியக்காவிளைச் சோதனைச்சாவடி தாண்டி வடக்கே போனால் பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் தென்னையும் வாழையும் ரப்பருமாக நெருங்கி நெருங்கி வரும். கடைப்பலகையில் எழுத்து மாறும். அடுப்பில் வேகும் கிழங்கு மாறாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்தில், பெண் எடுத்த வீடு மறு மாநிலத்தில் என்று இங்கே குடும்பங்கள் இன்றும் உண்டு. நோயாளிகளும் அப்படியே பிரிந்தார்கள். பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் பதிவேட்டில் ஏறினார். களியக்காவிளைக்காரர் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறினார். இந்த அத்தியாயம் சொல்லும் கணைய நோயை உலகத்துக்கு விரித்துச் சொன்ன மருத்துவர்களில் முக்கியமானவர்களும் இந்த இரண்டு பக்கத்திலும்தான் இருந்தார்கள்: திருவனந்தபுரத்திலும் சென்னையிலும்.

நோய் பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாப்பிட்டு எழுந்ததும் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடும். தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் வளைந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வலி முதுகுக்கு ஏறும், சில நாளில் விடும், மாதங்கள் கழித்துத் திரும்பும். பூச்சி மருந்து, வாயு மருந்து, நேர்ச்சை எல்லாம் நடக்கும். சில ஆண்டுகளில் வலி தானாகக் குறைவதும் உண்டு. தாய் நிம்மதியாக மூச்சு விடுவாள். அதற்குப் பிறகு, கல்லூரி போகும் வயதில், அந்தப் பிள்ளைக்குத் தாகம் எடுக்கும், உடம்பு இளைக்கும். சோதித்தால் சர்க்கரை. எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு முதுகெலும்பின் மேல்கணுக்களை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கற்கள். கணையத்தின் நாளத்துக்குள் உறைந்த கால்சியம் கார்பனேட். குடிப்பழக்கம் கிடையாது, பித்தப்பையில் கல் கிடையாது.

கணையக் கல்லும் நீரிழிவும் ஒரே உடலில் இருந்ததை லண்டனில் தாமஸ் காலி என்பவர் 1788-லேயே எழுதிவைத்தார். 1938-ல் விசாகப்பட்டினத்து அறுவை மருத்துவர் கினி இந்தியாவிலிருந்து கணையக் கற்களைப் பற்றி எழுதினார். 1950-களில் இந்தோனேசியாவில் சூய்டெமா, ஏழை நோயாளிகளிடம் இதே கற்களைக் கண்டு, ஊட்டக் குறைவையும் இதையும் சேர்த்துப் பார்த்தார். ஆனால் நோய்க்கு ஒரு முழு முகம் கொடுத்தவர் கேரளத்து மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ். 1968-ல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் மூலநூல். பிள்ளைப்பருவத்தில் வலி, பருவம் வரும்போது சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு என்ற அவருடைய கணிப்பு அன்றைக்கு மிகையாக இல்லை. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பிறகு இதற்குப் பெயர் நிலைத்தது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்தில், வீடு வீடாகப் போய் 28,507 பேரைச் சோதித்த ஒரு கணக்கெடுப்பு 36 நோயாளிகளைக் கண்டது. ஏறத்தாழ எண்ணூறு பேருக்கு ஒருவர். ஐரோப்பியக் கணக்குகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண்.

ஏன் இங்கே? கண்ணுக்கு முன்னால் ஒரு குற்றவாளி இருந்தது: மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவராக 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றபோது, ஏழை வீடுகளை உயிரோடு வைத்திருந்தது மரச்சீனிதான். மயக்கிய மரச்சீனியும் மீன்கறியும் இன்றைக்கு ஓட்டலில் விலை கொடுத்து வாங்கும் சாப்பாடு. அன்றைக்கு, மீன் இல்லாத நாளில், அது வெறும் மாவுச்சத்து. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது சயனைடு வெளிப்படும். வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்தை உடல் கந்தகத்தோடு சேர்த்துச் செயலிழக்கச் செய்யும். அந்தக் கந்தகம் புரதத்தில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் ஆகியவற்றிலிருந்து வரவேண்டும். மீனும் பயறும் இல்லாத தட்டில் கந்தகம் எங்கே? 1979-ல் மெக்மில்லனும் கீவர்கீஸும் இந்தத் தர்க்கத்தை முன்வைத்தபோது அது அவ்வளவு அழகாகப் பொருந்தியது. 1985-ல் உலக சுகாதார நிறுவனமும் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று தனிவகை ஒன்றை அங்கீகரித்து, கணையக் கல் நீரிழிவை அதற்குள் வைத்தது.

அழகாகப் பொருந்தும் கருத்துகளிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆப்பிரிக்காவில் மரச்சீனியே முழுச் சாப்பாடாக உள்ள பல பகுதிகளில் இந்த நோய் இல்லை. கிழங்கைத் தொடாத தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் வங்கத்திலும் இருக்கிறது. 1994-ல் திருவனந்தபுரத்தின் நரேந்திரநாதனும் செரியனும் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, கிழங்கு தின்ற அளவில் வேறுபாடு தென்படவில்லை. ஊட்டக்குறைவு? நோயாளி மெலிந்திருந்தது உண்மை. ஆனால் செரிமான நீர் சுரக்காத கணையம் உள்ளவர் மெலியத்தானே செய்வார். காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைத்துவிட்டோமோ என்ற கேள்வி எழுந்தது. 1990-களின் இறுதியில் அந்த ஊட்டக்குறைவு வகையே கைவிடப்பட்டு, இது கணைய நோயால் வரும் நீரிழிவு என்ற இடத்துக்கு மாறியது.

அடுத்து வந்தது மரபணு. ஐதராபாத்தின் சந்தக் குழுவினரும் வேறு சிலரும் 2002-ல் ஸ்பிங்க்1 என்ற மரபணுவைச் சுட்டினார்கள். கணையம் தான் செய்யும் டிரிப்சினால் தானே செரித்துப்போகாமல் இருக்க ஒரு தடுப்புப் புரதத்தையும் சேர்த்துச் செய்கிறது. அதற்கான மரபணு இது. அதில் 34-ஆவது இடத்து அமினோ அமிலம் மாறிய வடிவம் நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இருந்தது. பொதுமக்களிடம் நூற்றுக்குச் சிலரிடம் மட்டுமே. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதே மாற்றத்தைச் சுமந்து எண்பது வயதுவரை வயிற்றுவலி என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்கிறவர்களும் ஏராளம். ஆய்வுக்கூடத்தில் மாறிய புரதமும் மாறாத புரதமும் டிரிப்சினை ஒரே அளவில்தான் தடுத்தன. மரபணு கதவைத் திறந்துவைக்கிறது என்பதுவரை சொல்லலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லவில்லை.

உள்ளே நடப்பதைப் பார்க்க, அறுவையில் எடுத்த கணையத் துண்டை நுண்ணோக்கியில் வைக்கவேண்டும். எக்ஸ்ரேயில் கல் தெரிந்தாலும் இங்கே கண்ணில் முதலில் படுவது தழும்பு. செரிமான நீர் சுரக்கும் செல்கூட்டங்கள் இருந்த இடத்தில் வெள்ளை நார்ப்பட்டைகள். அந்த நாரை நெய்வது யார் என்பதே நெடுநாள் தெரியாமல் இருந்தது. 1998-ல் சிட்னியில் மினோட்டி ஆப்தே, ஜெரமி வில்சன் குழுவும், ஜெர்மனியின் உல்ம் நகரில் பாக்கெம் குழுவும் தனித்தனியே அந்தச் செல்லைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். கணைய நட்சத்திரச் செல். நலமான கணையத்தில் இது சுரப்புச் செல்களைச் சுற்றி நீண்ட கைகளை விரித்து, வைட்டமின் ஏ துளிகளை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். கணையச் செல்களில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அடிபட்டால் ஆளே மாறிவிடும்: வைட்டமின் ஏ துளிகள் மறையும், தசைநார்ப் புரதம் தோன்றும், செல் பெருகும், நகரும், கொலாஜனை நூற்றுக்கொட்டும்.

இந்த உருமாற்றத்துக்கு உத்தரவு கொடுப்பவைதான் வளர்ச்சிக் காரணிகள். ஒரு செல் வெளியிட்டு, இன்னொரு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தி, பெருகு, நகர், நில், செத்துப்போ என்று சொல்லும் சிறு புரதங்கள். மிகச் சிறிய அளவு போதும். நரம்பை வளர்க்கும் காரணியைக் கண்ட ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் மேல்தோலை வளர்க்கும் காரணியைக் கண்ட ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரண்டும் இந்தக் கணையக் கதையில் வரும். இப்போதைக்கு வேறு இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, இரத்தத் தட்டுகளிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாகப் பிடிஜிஎஃப். இது நட்சத்திரச் செல்லைப் பெருக்கும், காயத்தை நோக்கி நகர்த்தும். இரண்டாவது டிஜிஎஃப்-பீட்டா. இது பெருக்குவதைவிட வேலை வாங்குவதில் கெட்டி: கொலாஜனைச் செய்யச் சொல்லும், செய்த கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை அடக்கும். நலமான கணையத்தில் இது ஒரு உறைப்புரதத்துக்குள் பூட்டிய நிலையில் கிடக்கிறது; அழற்சி வந்தால் பூட்டு திறக்கிறது. எலிகளின் இன்சுலின் செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவை விடாமல் சுரக்கும்படி மரபணுவை மாற்றியபோது, வேறு எந்த அடியும் இல்லாமலே அவற்றின் கணையம் நாரேறியது. இத்தனைக்கும் இது கெட்ட பொருள் அல்ல. கைவிரல் அறுபட்டால் ஆறுவதற்கு இதே டிஜிஎஃப்-பீட்டா வேண்டும்.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் உடைப்பு விழுந்தால் ஆட்கள் வந்து மண் போட்டு அடைப்பார்கள். அடைத்ததும் போய்விட வேண்டும். போகாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் கால்வாயே தூர்ந்துவிடும். கணையத்தில் நடப்பது அதுதான். ஒரு முறை வந்துபோகும் அழற்சியில், வேலை முடிந்த நட்சத்திரச் செல்கள் செத்துப்போகின்றன அல்லது பழைய தூக்கத்துக்குத் திரும்புகின்றன, தழும்பு கரைகிறது. அழற்சி மறுபடி மறுபடி வந்தால் கதை வேறு. விழித்த நட்சத்திரச் செல் தானும் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கத் தொடங்குகிறது. அதன் ஏற்பி அதனிடமே இருக்கிறது. தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்ளும் அந்தக் கட்டத்துக்குப் பிறகு, முதலில் அடித்தது எது என்பது நோய்க்கு முக்கியமில்லை.

மரச்சீனியா, மரபணுவா என்ற பழைய வழக்கு எனக்கு இந்த இடத்தில்தான் புரியத் தொடங்குகிறது. தடுப்பை மீறிக் கசியும் டிரிப்சின் நட்சத்திரச் செல்லின் ஏற்பியை நேரடியாகத் தட்டி எழுப்ப வல்லது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் எழுப்பும். சாராயமும் அது உடைந்து வரும் அசிட்டால்டிஹைடும் எழுப்பும். மான்செஸ்டரின் ஜோன் பிரகன்சா, சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, புகையும் சுற்றுப்புற நச்சுகளும் இந்த நோயாளிகளின் ஈரலை மிகையாக வேலை வாங்குவதைக் காட்டினார். அடி எங்கிருந்து வந்தாலும் உத்தரவுத்தாள் ஒன்றுதான். அதனால்தான் குடிகாரரின் கணையமும் குடிக்காத பிள்ளையின் கணையமும், முற்றிய நிலையில், நுண்ணோக்கியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரிகின்றன. ஒற்றைக் குற்றவாளியைத் தேடி அரை நூற்றாண்டு அலைந்ததை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூண்டில் ஏற்ற எளிதான ஆள் கிழங்குதான் என்பதால் அது அங்கே அதிக நாள் நின்றது.

ஸ்பிங்க்1 பற்றி இன்னொரு விந்தை. அந்தத் தடுப்புப் புரதத்தில் 56 அமினோ அமிலங்கள். கோஹன் கண்ட மேல்தோல் வளர்ச்சிக் காரணியில் 53. இரண்டையும் மூன்று மூன்று கந்தகப் பாலங்கள் மடித்துக் கட்டுகின்றன. உருவ ஒற்றுமையோடு நிற்கவில்லை: தடுப்புப் புரதம் அந்த வளர்ச்சிக் காரணியின் ஏற்பியிலேயே போய் அமர்ந்து கணையப் புற்றுச் செல்களைப் பெருக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். டிரிப்சினைத் தடுப்பதில் மாறிய புரதத்துக்கும் மாறாததற்கும் வேறுபாடு இல்லை என்றால், நோயின் சூட்சுமம் இந்த இரண்டாவது வேலையில் ஒளிந்திருக்குமா? கேட்கத் தகுந்த கேள்வி.

வலிக்கு வருவோம். நாளத்தைக் கல் அடைப்பதால் அழுத்தம் ஏறி வலிக்கிறது என்பது அறுவை மருத்துவரின் விளக்கம். நாளத்தைத் திறந்து குடலோடு இணைத்தால் பலருக்கு வலி விடுவதும் உண்மை. ஆனால் பெரிய கற்களோடு வலியே இல்லாதவர்களும், கல் எடுத்த பின்னும் துடிப்பவர்களும் உண்டு. 1999-ல் ஃப்ரீஸ் குழுவினர் நாள்பட்ட அழற்சியுற்ற கணையங்களில் நரம்பு வளர்ச்சிக் காரணியும் அதன் ஏற்பியும் மிகுந்திருப்பதையும், ஏற்பியின் மிகுதி வலியின் கடுமையோடு இணைந்து போவதையும் கண்டார்கள். தழும்புக்குள் நரம்புகள் தடிக்கின்றன. சாதாரண செய்தியையும் வலியாக மூளைக்கு அனுப்புகின்றன. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைப் பாசாங்கு என்று திட்டிய எல்லாப் பெரியவர்களும் இதை ஒரு தடவை படிக்க வேண்டும்.

சர்க்கரையின் கதை சற்று வேறு. இந்த நோயாளிகளில் பலருக்கு இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது; ஆனாலும் ஊசி நின்றால் முதல் வகை நீரிழிவுக்காரர்போல் உடனே கீட்டோன் நஞ்சேறி மயங்குவது அரிது. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் செல்களும் சேர்ந்து அழிவதும், இன்சுலின் செல்களில் கொஞ்சம் தழும்புக்கு நடுவே பிழைத்துக் கிடப்பதும் காரணம். சில துண்டுகளில் நாளத்தின் சுவரிலிருந்து இன்சுலின் செல்கள் கூடிய புதுத் தீவுகள் முளைப்பதும் தெரியும். அழிக்கும் உத்தரவும் முளைக்கச் சொல்லும் உத்தரவும் ஒரே திசுவில், ஒரே நேரத்தில்.

பெருகச் சொல்லும் உத்தரவு நெடுநாள் ஓயாவிட்டால் அடுத்து வருவது என்ன என்று வாசகர் ஊகித்திருப்பார். கொச்சியின் பிலிப் அகஸ்டினும் ரமேஷும் 1992-ல் இந்த நோய் புற்றுக்கு முன்னோடியா என்று கேட்டார்கள். சென்னையில் மோகன், பிச்சுமணி உள்ளிட்டோர் 185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-ல் விடை எழுதினார்கள்: இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றால் இறந்திருந்தார்கள். மற்றவர்களைவிட நூறு மடங்கு அளவில் ஆபத்து. அதுவும் நாற்பதுகளின் நடுவில், பொதுவாக இந்தப் புற்று வரும் வயதுக்கு வெகு முன்னால்.

இங்கே டிஜிஎஃப்-பீட்டாவுக்கு இரட்டை வேடம். நட்சத்திரச் செல்லை முடுக்கும் அதே காரணி, நாளத்தின் உட்செல்களுக்குப் பெருகாதே என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையை உட்கருவுக்குக் கொண்டுபோகும் புரதம் ஒன்றின் மரபணுவை 1996-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கண்டார்கள். இன்று அதன் பெயர் ஸ்மாட்4. கணையப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் அது தொலைந்து போயிருக்கிறது. தொலைந்த பிறகு டிஜிஎஃப்-பீட்டாவின் தடை புற்றுச் செல்லின் காதில் விழுவதில்லை. தழும்பை வளர்க்கும் வேலை மட்டும் தடையின்றி நடக்கிறது.

அப்படியானால் இந்தக் காரணிகளை மருந்தால் அடக்கிவிடலாமே? முயன்றார்கள். மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுக்கும் எர்லோட்டினிப் 2005-ல் அமெரிக்காவில் கணையப் புற்றுக்கு அனுமதி பெற்றது. அனுமதிக்கு அடிப்படையான 569 பேர் சோதனையில் இடைநிலை ஆயுள் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாயிற்று. பத்து நாள். தழும்பையே அழித்தால் மருந்து உள்ளே போகும் என்று நினைத்தார்கள். 2014-ல் எலிகளில் தழும்புச் செல்களை ஒழித்தபோது புற்று இன்னும் மூர்க்கமாயிற்று, எலிகள் சீக்கிரம் செத்தன. அந்தத் தழும்பு புற்றை ஓரளவு அணைகட்டியும் வைத்திருந்தது. இணைப்புத்திசு வளர்ச்சிக் காரணியை முடக்கும் பாம்ரெவ்லுமாப் 2024-ல் இறுதிக்கட்டச் சோதனையில் தோற்றது. எலியிலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் வென்று மனிதரில் தோற்கும் மருந்துகளின் பட்டியலில் கணையம் எப்போதும் முன்வரிசை.

நம் மஞ்சளும் இந்த வரிசையில் உண்டு. ஆய்வுக்கூடத்துத் தட்டில் குர்க்குமின், பிடிஜிஎஃப் சொல்லியும் நட்சத்திரச் செல் பெருகாமல் நிறுத்தியது. மணிப்பால் மருத்துவர்கள் 2005-ல் வெப்பமண்டலக் கணைய அழற்சி நோயாளிகள் 20 பேரை எடுத்துக்கொண்டு, 500 மில்லிகிராம் குர்க்குமினோடு 5 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்து ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அளவு குறைந்தது, வலி குறையவில்லை. முடிவை உள்ளபடி எழுதிய அந்தச் சிறு கட்டுரை, மஞ்சள் மாத்திரை விற்கும் விளம்பரங்கள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது.

இதற்கிடையே, யாரும் உத்தரவு போடாமலே, நோய் மாறிக்கொண்டிருக்கிறது. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுவதும் 32 மருத்துவமனைகளின் 1,086 நோயாளிகளை ஆராய்ந்து 2008-ல் வந்த அறிக்கையில், கீவர்கீஸ் வருணித்த அந்தப் பழைய வடிவம் நூற்றுக்கு நான்கு பேரிடம்கூட இல்லை. காரணம் தெரியாத வகை 60 சதவீதம், குடியால் வந்தது 39 சதவீதத்துக்கு அருகில். வலி தாமதமாகத் தொடங்குகிறது, உடல் அவ்வளவு மெலிவதில்லை, சர்க்கரைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். சாப்பாடு மாறியது, இன்சுலின் கிடைத்தது. மரச்சீனி இன்னும் தட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் மீனும் முட்டையும் வந்துவிட்டன.

பாறசாலையிலிருந்து சிறிது தூரத்தில், எல்லையை ஒட்டியே, காரக்கோணம். எவரெஸ்ட் ஏறப்போய், பிறகு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தென்திருவிதாங்கூரின் வயிறுகளை அறுத்துக் குணப்படுத்தியே காலம் கழித்த சோமர்வெல்லின் பெயரில் அங்கே 2002 முதல் ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சர்க்கரை வந்த இருபது வயதுப் பையனுக்கு இன்று இந்த வட்டாரத்தில் வயிற்று ஸ்கேன் எடுப்பது கடினமில்லை. கல் இருந்தால் அதிர்வலையால் உடைக்கலாம், குழாய்வழி எடுக்கலாம், தேவையானால் தழும்பேறிய தலைப்பகுதியைச் செதுக்கி நாளத்தைக் குடலோடு இணைக்கலாம். சாப்பாட்டோடு நொதி மாத்திரை, அளவான இன்சுலின். பீடி சிகரெட்டை நிறுத்தச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல: புகையிலைப் புகையின் பொருள்கள் நட்சத்திரச் செல்லை நேராகவே எழுப்புகின்றன. பல ஆண்டு வலியில்லாமல் இருந்த நாற்பது வயதுக்காரருக்கு வலி திரும்பி வந்தாலோ, சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எடை இறங்கினாலோ, பழைய நோய்தானே என்று விடாமல் அந்த வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும்.